நைட் ஷிப்டு நாச்சியாரின் கடைசிப் பக்கம்

“சாப்பாடா, புத்தகமா?” ஜார்ஜ் டவுனில் பையை இறக்கிவைத்ததும் சூ யின் கேட்ட முதல் கேள்வி இது. புத்தகம் எங்கே ஓடிவிடப்போகிறது, முதலில் சாப்பாடு என்றேன். விமானத்தில் உப்புமா என்ற பெயரில் கொடுத்ததை நம்பி வந்த வயிறு. இப்போது நினைத்தால், அந்த ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிட்டேனே என்றிருக்கிறது. அதற்கப்புறம் பினாங்கில் வாயில் போட்டதெல்லாம் தொண்டையிலேயே நின்று யோசித்தது.

நாசி கண்டார் கடைக்குப் போனோம். சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பெயர் தெரியாத இன்னும் இரண்டு குழம்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றித் தந்தார்கள். மதுரையில் எவராவது என் இலையில் இப்படிச் செய்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இங்கே தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் யாரையோ போனில் மலாயில் காய்ச்சிக்கொண்டிருந்தார். “கூரை ஒழுகினால் கூரையைப் பார், எனக்கு ஏன் போட்டோ அனுப்புகிறாய் என்கிறார்,” என்று சூ யின் காதோரம் சொல்லிச் சிரித்தாள்.

சூ யின் பினாங்குச் சீனப் பெண். படக்கதை வரைபவள். பெண்கள் தாங்களே வரைந்து தாங்களே அச்சடித்த படக்கதைகளை, எந்த மொழியில் இருந்தாலும், தேடிச் சேர்ப்பவளும்கூட. வருடத்துக்கு ஒருமுறை தோழிகளோடு சேர்ந்து ஒரு பழைய கடைவீட்டு மாடியில் அவற்றுக்குச் சந்தை போடுகிறாள். நான் மதுரையில் ஒரு தோழியுடன் நடத்துவது சின்னஞ்சிறு பதிப்பகம். நாங்கள் போடுவதும் பெண்கள் வரையும் படக்கதைகள்தான். எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்கு இதை எங்கே வைப்பது என்று இன்றுவரை புரியவில்லை. படம் இருக்கிறதா, குழந்தைகள் பக்கம். வரைந்தது பெண்ணா, சமையல் பக்கம். பஞ்சாயத்துப் பண்ணிப் பண்ணியே எனக்கு வாய் நீண்டுவிட்டது.

ஒருமுறை சென்னைக்கு வந்தபோது சூ யின் ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தை என் கையில் கொடுத்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள். பினாங்கில் ஒரு பேருந்து நிலையத்தின் பெண்கள் கழிப்பறையில், கை கழுவும் இடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்களாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குள் ஆங்கிலம்தான். நின்றபடியே படித்து முடித்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

தலைப்பு ‘ஓ.டி.’, அதாவது ஓவர்டைம். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் கதைகள். எல்லாருக்கும் தொப்பி, முகக்கவசம், கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்களை வைத்தே அத்தனையும் சொல்லியிருந்தாள் வரைந்தவள். ஒரு வேலை வரிசையை மேய்க்கும் லைன் லீடர் ஒருவன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவளுக்குத்தான் ஓ.டி. தருவான். சிரிக்கிறவள் பக்கத்தில் வந்து நிற்பான். கை அதற்கு மேலும் போகும். வரைந்தவள் பெயர் இருந்த இடத்தில் ‘நைட் ஷிப்டு நாச்சியார்’ என்று எழுதியிருந்தது.

அவளை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைச் சொல்லமாட்டேன். அதே வழியில் இன்னொருவர் போகக் கூடாது. இந்தக் கட்டுரையையும் கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, மாற்ற வேண்டியதை மாற்றித்தான் எழுதுகிறேன். நாச்சியார் புத்தகம் போடச் சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை. “என் பேரு எங்கயும் வரக் கூடாதுக்கா. என் பேரு தெரிஞ்சா எந்த லைன்னு தெரியும். லைன் தெரிஞ்சா கதை சொன்ன பொண்ணுங்க எல்லாரையும் தெரிஞ்சுரும். எனக்கு வேலை போனா நான் பார்த்துக்குவேன். அவங்களுக்கு நான் சத்தியம் பண்ணியிருக்கேன் லா.” நானும் சத்தியம் செய்தேன். சிவகாசியில் அச்சடித்துக் கட்டுகளை நேராகச் சூ யினுக்கு அனுப்பிவிட்டு, சந்தைக்கு நான் பின்னால் கிளம்பினேன்.

சாப்பிட்டு வந்து பெட்டியைப் பிரித்தோம். அட்டை அழகாக வந்திருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஆசிரியர் குறிப்பு. அவள் முழுப் பெயர், த/பெ என்று போட்டு அப்பா பெயர், கீழே பினாங்கு, பாயான் பாரு.

இன்னொரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும்தான் இருக்கும் என்று தெரிந்தும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன், ஒன்றிலாவது இல்லாமல் போகாதா என்று.

சிவகாசிக்குப் போன் போட்டேன். எங்கள் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற அண்ணாச்சி எடுத்தார். “பெயரா? ஆமா தாயி, நான்தான் போட்டேன். நீங்க திருத்தி அனுப்புனதுல ஆசிரியர் குறிப்பே இல்ல. போன தடவை ஒண்ணுல விட்டுப்போச்சுன்னு என்னா பேச்சுப் பேசுனீக? அதான் நீங்க அனுப்புன கோப்புலயே ஒப்பந்தம் இருந்துச்சு, அதப் பார்த்து நானே போட்டுட்டேன். இம்புட்டு அழகா வரைஞ்ச புள்ளைக்குப் பேரு இல்லாம விடலாமா?” குரலில் பாராட்டை எதிர்பார்க்கும் தொனி வேறு. திட்ட வாய் வரவில்லை. ஆசிரியர் குறிப்பு இல்லாமல் தமிழ்நாட்டில் புத்தகம் உண்டா? நாங்கள் பழக்கிய பழக்கம். போனை வைத்ததும் அழுகை அழுகையாக வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் சூ யின் அழவெல்லாம் இல்லை. பிளேடு எடுத்து வந்தாள். “கடைசித் தாளை வெட்டிவிடலாம், முடிந்தது,” என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினோம். பாதியில் அவள் கை நின்றது. “நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்,” என்று மெதுவாகச் சொன்னாள். பெட்டி வந்த சந்தோஷத்தில், லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் கொஞ்சம் புத்தகங்களைக் கொடுத்து வைத்திருக்கிறாள், சந்தைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

ஓடினோம். லிட்டில் இந்தியாவில் அன்று எனக்குப் பூக்கடையும் கண்ணில் படவில்லை, பாட்டும் காதில் விழவில்லை. அது பூசைச் சாமான், வார இதழ், ஊறுகாய் எல்லாம் விற்கிற கடை. புத்தகத்தை எங்கே வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கோலப் புத்தகங்களுக்கு நடுவில். வேறு நாளாக இருந்தால் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று சூ யின் சொன்ன கணக்கை வைத்து எடுத்து எண்ணினேன்.

“ஒன்னு குறையுதே, அண்ணே?”

“வித்துப்போச்சு லா. நேத்து சாயங்காலம்,” என்றார் கடைக்காரர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. “நம்ம வாடிக்கைதான். ஃபேக்டரி ஆளு. மெரூன் சட்டை, பெரிய மீசை. வீட்டுக்காரம்மாவுக்கு எப்பவும் ஏதாச்சும் படிக்க வாங்கிட்டுப் போவாரு. கெப்பாலா பத்தாஸ்ல வீடு. போன தீபாவளிக்கு நான்தான் சாமான் கொண்டுபோய்க் குடுத்தேன்.” போன் நம்பரும் இருக்கிறது, கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிட்டத்தட்ட கத்திவிட்டேன். விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நாச்சியாருக்கு வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. இரவு ஷிப்டு முடிந்து மறுநாள் காலை வரட்டும் என்று காத்திருந்தேன். ரொட்டி சானாய் கடைக்கு வந்தாள். நான் இதுவரை போனில் மட்டும் பார்த்த பெண். ஒல்லியான உடம்பு, தூக்கம் நிறைந்த கண், தோளில் ஒரு துணிப்பை. “பசியாறியாச்சா அக்கா?” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்பதற்கு இந்த ஊரில் இப்படிக் கேட்கிறார்கள். எவ்வளவு நல்ல வார்த்தை! அதற்குப் பதிலாக நான் சொன்னது வேறு.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டிலிருந்த ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

“மெரூன் சட்டையா?”

“ஆமாம்.”

“மெரூன் லீடருங்கதான் போடுவாங்க.” பிய்த்த துண்டைத் தட்டிலேயே போட்டாள். “மீசை வச்சவன்னா கதையில வர்றவன் இல்ல. ஆனா அவன் கூடவே டீ குடிக்கிற ஆளு. பக்கத்து லைன் லீடர். அலாமாக், அந்த ஆளு கையிலயா போச்சு?”

அவன் படித்திருப்பானோ, நண்பனிடம் சொல்லியிருப்பானோ, ஒன்றும் தெரியாது. “அந்த ஆளுக்கு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் வேலை,” என்று எழுந்தாள் நாச்சியார். “அதுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும். அச்சுல தப்பு, வேற புத்தகம் மாத்திக் குடுக்க வந்திருக்கோம்னு சொல்லலாம். மோட்டர்ல ஏறுங்க அக்கா.” கடைசித் தாளை வெட்டிய ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ வருடமாகிறது. அவள் கொடுத்த தலைக்கவசம் என் காதைக் கவ்விக்கொண்டது. கெப்பாலா பத்தாஸ் தீவுக்கு வெளியே, கடலுக்கு அக்கரையில். மோட்டரோடு படகில் ஏறிப் போனோம். படகில் சுற்றுலா வந்த குடும்பங்கள் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் ஆங்கிலத்தில், “கப்பல் ஏன் நடந்து போகிறது?” என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். இறங்கித் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

“நேத்து ராத்திரி லைன்ல யாராச்சும் ஒரு மாதிரி பார்த்தாங்களா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் முகம் மூடித்தானே அக்கா இருப்பாங்க,” என்றாள்.

கரையேறி வடக்கே திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் விட்டுவிட்டாள். நெடுஞ்சாலை எங்களை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டு போய்ச் செபராங் ஜெயாவில் விட்டது. தினமும் ஓட்டுகிறவள் வழி தவறுகிறாள் என்றால் மனசு எங்கே இருந்திருக்கும்? அது போதாதென்று பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. ஒரு வரிசைக் கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனோம். பஞ்சர் ஒட்டிய மலாய்க்கார அண்ணன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார். “யாருக்காவது உடம்பு சரியில்லையா, சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்கிறார்,” என்றாள் நாச்சியார். சொன்னபடி சீக்கிரம் முடித்தார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. மதுரையில் மழை வந்தால் நாங்கள் வாசலுக்கு வந்து பார்ப்போம். இந்த ஊர் மழைக்கு யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. நாங்களும் நிற்கவில்லை.

கெப்பாலா பத்தாஸ் போகிற வழியில் வயல்கள் வந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரியே இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். முன்னால் அவள் முதுகு விறைப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். விலாசத்தில் இருந்த தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், போனதும், மோட்டரை முன்தெருவில் நிறுத்த வேண்டாம் என்று பின்சந்து ஓரமாக நிறுத்தினாள். அந்த ஊரில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு சந்து ஓடுகிறது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்க் கூப்பிட்டோம்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். நைட்டி மேல் துண்டு. நாங்கள் சொட்டச் சொட்ட நின்றோம். நான் பாடம் ஒப்பிப்பதுபோல, “உங்க வீட்டுக்காரர் வாங்கின புத்தகத்துல அச்சுப் பிழைங்க, மாத்திக் கொடுக்க வந்தோம்,” என்றேன். அவள் என் கையிலிருந்த பிரதியை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினாள். தாள் வெட்டிய தடத்தை விரலால் தடவினாள். பிறகு நாச்சியாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“உள்ள வாங்க. துவட்டிக்கிங்க.”

உட்கார வைத்துச் சூடாகக் கோப்பி கொடுத்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், ஒரு பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், அப்பா பெயரோடு. “நீதானே அது?”

நாச்சியார் துணிப்பையை மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

“பயப்படாத. அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல காட்டிட்டேன். படிச்ச உடனே.”

“உங்க வீட்டுக்காரர்?” என்று நான்தான் கேட்டேன்.

“அவரு மலாய்ப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து ஒன்னுகூடத் தெரியாது. கோலப் புத்தகம்னு நெனச்சுக் கையில குடுத்துட்டுக் குளிக்கப் போயிட்டாரு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்கதான் அடிச்சவங்களா? ஏன், உங்களுக்கெல்லாம் அறிவு வேணாமா? இவ்ளோ பயந்து பயந்து ஒருத்தி வரையிறா, கடைசியில ஐ.சி. அடையாள கார்டு மாதிரி அப்பா பேரோட போட்டு வச்சிருக்கீங்க. வேற யாரு வீட்டுக்காச்சும் போயிருந்தா?” சிவகாசி அண்ணாச்சியைக் கை காட்டத் தோன்றியது. காட்டவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய திட்டுத்தான். வாங்கிக்கொண்டதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அப்பாடா, முடிந்தது என்று நான் எழப் பார்த்தேன். அவள் எழவில்லை. அலமாரியிலிருந்து தன் பிரதியை எடுத்து வந்து மூன்றாவது கதையை விரித்து வைத்தாள். லீடர் தொட்டதும் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டே வாசலைத் தாண்டிப் போகிற கதை.

“இத யாரு உனக்குச் சொன்னா?”

“லைன்ல பேசிக்குவாங்க அக்கா. நான் சேர்றதுக்கு முன்னாடி நடந்ததாம். அழுதுக்கிட்டே போன பொண்ணுன்னு…”

“அது நான்தான்.”

நாச்சியார் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே மழை விட்டிருந்தது.

“கல்யாணத்துக்கு முன்னாடி. இவருக்குத் தெரியாது. அவனும் இவரும் கூட்டாளி. எங்க கல்யாணத்துல அவன் மொய் எழுதிட்டுச் சாப்பிட்டுப் போனான், நான் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.” அவள் குரல் உயரவே இல்லை. “ஆனா ஒன்னு. நான் அழல. கையில இருந்த ட்ரேயால மூஞ்சில போட்டேன் ஒரு போடு. மூக்குல ரத்தம். அப்புறந்தான் வெளிய போனேன். நான் அழுதேன்னு சொன்னது அவனாத்தான் இருக்கும். அவன் சொன்னதத்தான் மத்தவங்க சொல்லியிருப்பாங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கதையைப் படித்துவிட்டு மதுரையில் நானும் தோழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்தப் பெண் அழுத படத்தைத்தான் அட்டையில் போடலாமா என்றுகூடப் பேசினோம்.

நாச்சியார் துணிப்பையில் துழாவிப் பேனாவை எடுத்தாள். அந்தப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து, கதை முடிகிற பக்கத்தில் கீழே விட்டிருந்த வெள்ளை இடத்தில் வரையத் தொடங்கினாள். தொப்பி, முகக்கவசம், இரண்டு கண். வீட்டுக்காரப் பெண் அவள் தோளுக்கு மேல் குனிந்து நின்றுகொண்டாள்.

“கைய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு,” என்றாள். “ஆங், அப்படி. ட்ரே நீட்டுப் பக்கமா இல்ல, குறுக்குப் பக்கமா. அதான் வலிக்கும்.”

லீடரின் மூக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டர் சத்தம் கேட்டது. நாச்சியாரின் பேனா நின்றுவிட்டது. மத்தியானம் ஆகவில்லையே இன்னும்!

அந்தப் பெண் மட்டும் பதறவில்லை. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “அவருதான். நீ உன்னோட மோட்டர எங்க விட்டிருக்க? பின்சந்துலயா? நல்லது. முடிச்சுட்டியா?”

“மூக்குல ரத்தம் மட்டும்…”

“போடு.”

போட்டாள். மை காய்வதற்குள் எங்கள் இருவரையும் சமையலறை வழியாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தாள். “அக்கா, நீங்க அவர்கிட்ட…” என்று நாச்சியார் ஆரம்பித்தாள். “உன் பேரு என் வாயில வராது,” என்றாள் அவள். “மத்தது என் கதை. நான் சொல்லிக்கிறேன்.”

பின்கதவு சாத்திக்கொண்டது. சந்தில் ஓட வேண்டியவர்கள் ஓடவில்லை. ஈரச் சுவரை ஒட்டி நின்றோம், நாச்சியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. சமையலறை ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

“யாரு வந்தா? மூணு கோப்பை இருக்கு,” என்றது ஆண் குரல். நாற்காலி நகர்ந்தது. “இந்தக் கோலப் புத்தகமா? எனக்குத்தான் தமிழ் படிக்க வராதுன்னு தெரியும்ல, என்கிட்ட ஏன் நீட்டுற?”

பிறகு அவள் குரல், எங்களிடம் பேசிய அதே நிதானத்தில் வந்தது.

“எழுத்து வேணாம். உட்காந்து படத்தப் பாருங்க.”